நல்ல பாட்டில்

திரையில் அந்தக் கோடு தலைதூக்கியதும் அவள் முதலில் செய்த காரியம், வேறு யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்ததுதான். ஆய்வுக்கூடத்து இயந்திரத்தை ஓட்டுகிற நெட்டையன் பார்த்துவிட்டிருந்தான்.

"அக்கா, இது நல்ல பாட்டில்தானே?"

"ஆமா."

"பின்ன ஏன் இப்படிக் குதிக்குது?"

அவள் திரையை மறுபடி உற்றுப் பார்த்தாள். பயம் அவளுக்குப் புதிதல்ல. கதவைப் பூட்டினோமா, அடுப்பை அணைத்தோமா, கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்குமோ என்று நாள் முழுக்க எதையாவது நினைத்துப் பயந்துகொண்டிருப்பவள் அவள். ஆனால் அந்தப் பயங்களுக்கெல்லாம் ஒரு பழகிய முகம் உண்டு. இதற்கு முகமே இல்லை.

முந்தின நாள் காலை, நகரத்துச் சுரங்க ரயில் நிலையத்தில் ஆட்கள் நின்ற நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்திருந்தார்கள். வாயில் நுரை, மூச்சுத் திணறல், ஊசிமுனையாகச் சுருங்கிப்போன கண்மணிகள். பூச்சி மருந்தா, இல்லை மனிதர்களைக் கொல்வதற்கென்றே யுத்தங்களில் பயன்படுத்துகிற நரம்பு விஷமா என்று ஆஸ்பத்திரியில் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டியது இந்த ஆய்வுக்கூடம். உடம்புக்குள் போன விஷம் விஷமாகவே இருப்பதில்லை. உடைந்து வேறொன்றாகி, ரத்தத்திலும் சிறுநீரிலும் கொஞ்சநாள் தங்கிவிட்டுப் போகும். வீட்டை உடைத்தவன் ஓடிவிட்டாலும் வாசலில் கிடக்கிற மண்ணை வைத்து அவன் எந்தப் பக்கமிருந்து வந்தான் என்று கண்டுபிடிப்பதைப் போன்ற வேலை அது. அவள் பல வருஷங்களாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

நோயாளிகளின் சிறுநீரை இயந்திரத்துக்குக் கொடுப்பதற்கு முன்னால், விஷத்தின் காற்றே படாத ஒருவருடைய சிறுநீரைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அதில் கோடு தரையோடு தரையாக ஓட வேண்டும். அப்போதுதான் மற்றதில் எழும்புகிற கோட்டை நம்பலாம். அந்தச் சுத்தமான சிறுநீருக்காகத் தெருவில் போகிறவர்களிடம் போய் நிற்க முடியுமா? ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவர்களே முறை வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒருவராகக் கொடுப்பார்கள். அதற்குத்தான் அங்கே 'நல்ல பாட்டில்' என்று பெயர். இந்த வாரம் அவள் முறை.

கூடத்துத் தலைவர் உள்ளே வந்தார். எதையும் இரண்டு தடவை வடிகட்டாமல் நம்பமாட்டார் என்பதால் அவருக்கு முதுகுக்குப் பின்னால் வடிகட்டி என்று பெயர். காப்பியைக்கூட ஒரு வாய் குடித்துவிட்டு, யோசித்துவிட்டு, அப்புறம்தான் அடுத்த வாய் குடிப்பார் என்பான் நெட்டையன்.

"என்ன ரெண்டு பேரும் சிலை மாதிரி நிக்கறீங்க?"

நெட்டையன் திரையைக் காட்டினான். வடிகட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதுக்கு முன்னால எதை ஏத்தினீங்க?"

"வெறும் தண்ணி சார். கோடு தட்டையா இருந்துச்சு."

"அப்போ மெஷின்ல அழுக்கு இல்ல. கண்ணாடிச் சாமான்ல இருக்கலாம். புதுப் பாக்கெட் உடைச்சு, அதே பாட்டில்லேர்ந்து மறுபடி தயார் பண்ணுங்க."

அவள் பண்ணினாள். புதுக் குப்பி, புதுக் குழாய், புது மூடி. நெட்டையன் பொத்தானை அழுத்தினான். மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோடு தட்டையாகவே வந்தது. அவள் மனசுக்குள் யாரையோ கும்பிட்டாள். கும்பிட்டு முடிப்பதற்குள் அது எழும்பிவிட்டது, அதே இடத்தில், அதே உயரத்துக்கு.

வடிகட்டி மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். பாட்டிலைப் பார்க்கவில்லை.

"இது உங்க பாட்டில்தானேம்மா?"

"ஆமா சார்."

"இப்படி வாங்க. லைட்டுக்குக் கீழ."

சட்டைப் பையிலிருந்து பேனா டார்ச்சை எடுத்து அவள் கண்ணில் அடித்தார். அவள் கண்மணி இரண்டும் விரிந்து கிடந்தன. பயந்தவளின் கண்கள் அவை. விஷம் பட்டவளின் கண்கள் அப்படி இருக்காது. அதோடு விடாமல் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். அந்த விஷம் ரத்தத்தில் அழிக்கிற பொருள் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்து பார்த்தார்.

"அப்பாடா," என்று நாற்காலியில் உட்கார்ந்தார். "குறையவே இல்ல. உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா. நீங்க சுத்தம்."

"அப்போ இது?" என்றான் நெட்டையன்.

"அவங்க சுத்தம்னா பாட்டில்தான் அழுக்கு. நேத்து நோயாளிங்க சாம்பிளையும் இதையும் ஒரே ஃப்ரிட்ஜ்ல வெச்சோம் இல்ல? எங்கயோ கை மாறிருக்கு. போன வாரம் உன் பாட்டில் இருக்கில்லடா, அதை ஏத்து."

நெட்டையனின் பாட்டிலை ஏற்றினார்கள். கோடு தண்ணீர் போல ஓடியது. வடிகட்டியின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"பாத்தீங்களா? இவனோடத வெச்சே வேலைய முடிங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் மேல போன். அந்தப் பாட்டிலை விஷத்த முறிக்கற மருந்துத் தொட்டியில கொட்டிட்டு மத்தத ஆரம்பிங்க."

அவர் போய்விட்டார். கணக்கு எவ்வளவு அழகாக முடிந்துவிட்டது! அந்தக் கணக்கில் தப்பே இல்லை, ஒரே ஒரு தப்பைத் தவிர. அந்தப் பாட்டில் அவளுடையது அல்ல.

*

மருந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நல்ல பாட்டில் கொடுக்கக் கூடாது. இன்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு முறையிலிருந்து விலகிக்கொள்ளலாம். ஒருவர் சர்க்கரைக்குச் சாப்பிடுகிறார். ஒருத்தி தைராய்டுக்கு. அதையெல்லாம் கூசாமல் சொல்லிவிடலாம். அவள் சாப்பிடுவது பயத்துக்கு. காலையில் ஒன்று, படுக்கப்போகும்போது ஒன்று. அது இல்லாவிட்டால் பேருந்தில் ஏறும்போதே மார்பு அடைத்துக்கொள்ளும். பயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவளை இப்படிப்பட்ட அறைக்குள் யார் விடுவார்கள்? அவளுக்கோ இந்த அறைக்குள் மட்டும்தான் பயம் கொஞ்சம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். இங்கே பயப்படுவதற்கு விதிமுறை உண்டு. எதற்குப் பயப்பட வேண்டும், எந்தக் கையுறை போட்டுக்கொண்டு பயப்பட வேண்டும் என்று யாரோ முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார்கள். வெளியேதான் அது அவிழ்த்துவிட்ட மாடு.

அதனால் அவள் முறை வருகிறபோதெல்லாம் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தது அவள் நாத்தனார். கணவனின் தங்கை. கட்டிக்கொண்டவனோடு ஒத்துப்போகாமல் பெட்டியோடு வந்தவள், இவர்களோடேயே தங்கிவிட்டாள். கணவனுக்கு வெளியூரில் வேலை, வாரக்கடைசிக்குத்தான் வருவான். ஆகவே வீட்டில் பெரும்பாலும் இவர்கள் இருவர்தான். மாத்திரை விஷயம் தெரிந்த ஒரே ஆள் நாத்தனார். கணவனுக்குக்கூடத் தெரியாது.

"என் மூத்திரத்துக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்லயே அண்ணி," என்று இந்தத் தடவையும் பாட்டிலை நீட்டியபடி சொன்னாள். "அது ஏசி ரூம்ல ஃப்ரிட்ஜுக்குள்ள உக்காந்திருக்கு. நான் இஸ்திரிப் பெட்டி முன்னால வேகறேன்."

"மெல்லப் பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டுமே. எங்க குடும்பத்துல ரெண்டு பேரு அரசாங்க உத்தியோகம்னு நினைச்சுக்குவாங்க."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். அது இப்போது, கையில் அந்தப் பாட்டிலோடு மருந்துத் தொட்டியின் முன்னால் நிற்கும்போது, அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. மூக்கை உறிஞ்சிய சத்தம். சளி பிடித்திருக்கிறது என்று அன்று இரண்டு பேருமே நினைத்தார்கள். கஷாயம் வைத்துத் தருகிறேன் என்றதற்கு, அதைக் குடிப்பதற்குச் சளியே தேவலாம் என்றாள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நாத்தனார் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக வெயில் அவள் கைமேலேயே விழுந்துகொண்டிருந்தது. "லைட்டைப் போடுங்க அண்ணி, ஒரே இருட்டா இருக்கு," என்றாள். "பட்டப்பகல்ல லைட்டா? கண்ணுல என்ன கோளாறு?" என்று கேட்டுவிட்டு இவள் குழாயை மூடினோமா என்று பார்க்கப் போய்விட்டாள்.

கண்ணில் என்ன கோளாறு. கண்மணி சுருங்கிப்போனால் வெயிலும் இருட்டாகத்தான் தெரியும். அதை ஊருக்கெல்லாம் விளக்கிச் சொல்லுகிற இடத்தில் வேலை பார்க்கிறவள், எதிரே உட்கார்ந்திருந்த முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. நாத்தனாரின் சிறுநீரை அவள் எத்தனையோ தடவை உற்றுப் பார்த்திருக்கிறாள். கண்ணை எப்போது பார்த்தாள்?

பாட்டில் கையில் கனத்தது. கொட்டிவிடு என்று சொல்லிவிட்டார். கொட்டிவிட்டால் முடிந்தது. நோயாளிகளின் முடிவு நெட்டையன் பாட்டிலை வைத்துச் சரியாகவே போய்ச் சேரும். யாருக்கும் நஷ்டமில்லை.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு உண்டாயிற்று. ஆனாலும் வந்தது வந்துவிட்டது. இந்தப் பாட்டிலை நாத்தனார் கொடுத்தது, ரயில் நிலையத்தில் ஆட்கள் விழுவதற்கு முன்பு. விழுந்தபின் கொடுத்திருந்தால் அந்தப் பக்கம் போயிருப்பாள், காற்றுப் பட்டிருக்கும் என்று சொல்லலாம். முன்பே அவள் உடம்புக்குள் அது எப்படி வந்தது?

மனசு கெட்டது. ஒரு சந்தேகத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்பது சந்தேகங்களை இழுத்து வரும். கொஞ்சநாளாக நாத்தனார் மொட்டை மாடிக்குப் போய்ப் போன் பேசுகிறாள். இவள் போனால் பேச்சை மாற்றுகிறாள். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்றதற்கு, "எல்லாம் உங்ககிட்டச் சொல்லிட்டா நீங்க எதுக்குப் பயப்படுவீங்க?" என்று சிரித்தாள். முந்தின நாள் சாயங்காலம் டிவியில் ஸ்ட்ரெச்சர்களைக் காட்டியபோது அவள் எழுந்து போய்விட்டாள். ஏன் எழுந்து போனாள்? பார்க்கப் பொறுக்காமலா, இல்லை பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமலா?

ஒரே கூரையின் கீழே ஒரே சீப்பில் தலைவாருகிற பெண்ணைப் பற்றி இப்படியெல்லாம் நினைக்க முடியும் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது. நினைத்தாள். முழுசாக நினைத்தாள். அந்தப் பெண்ணைப் போலீஸ் வேனில் ஏற்றுவதுவரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். திரும்பி வந்தபோது நாக்கு கசந்தது.

பாட்டிலைக் கொட்டவில்லை. மூடியை இறுக்கித் தனியாக ஒரு டப்பாவுக்குள் வைத்துப் பூட்டினாள். "முகம் கழுவிட்டு வரேன்," என்று நெட்டையனிடம் சொன்னாள். கையுறையையும் அங்கியையும் கழற்றிப் போட்டுவிட்டு, உடை மாற்றும் அறையில் பூட்டி வைத்திருந்த போனை எடுத்தாள்.

*

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போய்விடுவாளோ என்று ஒரு பயம். எடுத்துவிடுவாளோ என்று இன்னொரு பயம்.

"என்ன அண்ணி, இந்த நேரத்துல? வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

பின்னால் சலவை இயந்திரங்களின் இரைச்சல். நாத்தனார் கம்பளி, பட்டு என்று உசத்தித் துணிகளை வெளுத்து இஸ்திரி போடுகிற கடையில் வேலை செய்தாள்.

"உனக்கு மூக்கு எப்படி இருக்கு?"

"மூக்கா? இருந்த எடத்துலயேதான் இருக்கு."

"விளையாடாதே. இன்னும் ஒழுகுதா? கண்ணு மங்கலாத்தான் இருக்கா?"

"ஆமா. முதலாளிகிட்ட பல்ப மாத்துங்கன்னு சொன்னேன். போன வாரம்தான் மாத்தினேன், உனக்குக் கல்யாண மண்டபம் மாதிரி போடணுமாங்கறாரு. ஏன் அண்ணி, குரல் ஒரு மாதிரி இருக்கு? மாத்திரை போட்டீங்களா இல்லியா?"

"போட்டேன். நான் கேக்கறதுக்கு மட்டும் யோசிச்சுப் பதில் சொல்லு. இந்த மூக்கு ஒழுகறது எப்போ ஆரம்பிச்சது? அப்போ என்ன பண்ணிட்டிருந்தே?"

"என்ன பண்ணுவேன்? துணிதான் பண்ணிட்டிருந்தேன்." கொஞ்சம் யோசித்தாள். "ஆங். அந்தக் கோட்டு. அதுக்கு ஸ்டீம் வெக்கறப்பதான் தும்மல் பிடிச்சது."

"எந்தக் கோட்டு?"

"ஒருத்தன் கொண்டுவந்து குடுத்தான். நல்ல கம்பளி. முன்பக்கம் எண்ணெ சிந்தின மாதிரி ஒரு கறை. ஸ்டீம் வெக்காதே, சும்மா அலசினாப் போதும்னான். என் தொழில எனக்கே சொல்லித்தரான் பாருன்னு எனக்கு வந்துச்சே கோவம். அவன் போனதும் நல்லா ஆவி பறக்க வெச்சேன். புஸ்ஸுன்னு முகத்துல அடிச்சது. அதுலேர்ந்துதான் தும்மல், தலைவலி எல்லாம். பழைய துணி, தூசின்னு விட்டுட்டேன்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஆவி வைத்தால் அந்தக் கறையிலிருந்து என்ன பறக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"அந்தக் கோட்டு இப்போ எங்க?"

"எங்க இருக்கும்? இதோ, என் தலைக்கு மேல தொங்குது. பிளாஸ்டிக் கவர் போட்டு மாட்டிருக்கேன். அவன் வாங்கவே வரல. இடத்த அடைச்சிட்டிருக்கு, எடுத்து உள்ள மாட்டணும்னு இப்பதான்..."

"தொடாதே!"

அந்தச் சத்தம் தன்னிடமிருந்துதான் வந்தது என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மறுமுனையில் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"அண்ணி?"

"தொடாதே. வெளிய வா. முதலாளி, கடையில இருக்கறவங்க எல்லாரையும் வெளிய வரச் சொல்லு. கதவை இழுத்துச் சாத்திட்டு, திறந்த வெளியில, காத்து அடிக்கற பக்கமா நில்லு. யார் மேலயும் படாதே. முகத்தத் தொடாதே. கண்ணக் கசக்காதே. இப்பவே."

"அண்ணி, பயமுறுத்தாதீங்க. பயப்படறது உங்க டிபார்ட்மென்டு."

"ஆமா, என் டிபார்ட்மென்டுதான். அதான் சொல்றேன். போ."

நாத்தனார் மேலே எதுவும் கேட்கவில்லை. போன் எதன்மீதோ உரசுகிற சத்தம். பிறகு அவள் குரல், தூரத்தில், மாறிப்போன குரலில்: "சார், எல்லாரும் வெளிய வாங்க சார். ஏன்னு எனக்கும் தெரியல. எங்க அண்ணி சொல்றாங்க. வாங்கன்னா வாங்க சார்!"

*

வடிகட்டி ஆஸ்பத்திரிக்கு முடிவைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். அவர் கையால் சைகை காட்டி இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை.

"சார், அது என் பாட்டில் இல்ல."

அவர் போனின் வாயை மூடினார். "என்னது?"

"நல்ல பாட்டில். அது என்னுது இல்ல. என் நாத்தனாரோடது. அது அழுக்கு இல்ல சார். அவ உடம்புலதான் இருக்கு."

பிறகு அந்தக் கம்பளிக் கோட்டைப் பற்றிச் சொன்னாள். வாக்கியங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. கடை எந்தத் தெருவில், பக்கத்தில் என்ன, உள்ளே எத்தனை பேர், எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இன்னொரு போனை எடுத்து எண்ணை அழுத்தினார். பாதுகாப்பு உடை போட்டுப் போகிற ஆட்களிடம் பேசினார். அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது. பேசி முடித்ததும்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கு உங்க பாட்டில் குடுக்கல?"

"மாத்திரை சாப்பிடறேன் சார்."

"என்ன மாத்திரை?"

"பயத்துக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"எத்தனை தடவை இப்படி?"

"என் முறை வந்தப்பல்லாம்."

"நான் உங்க கண்ணுல டார்ச் அடிச்சப்பவே சொல்லிருக்கலாம். உங்க ரத்தத்தப் பாத்து நீங்க சுத்தம்னு சொன்னேனே, அப்ப சொல்லிருக்கலாம். அந்த வார்த்தைய வெச்சுத்தான் பாட்டில் அழுக்குன்னு முடிவு பண்ணினேன்." கோபமாகச் சொல்லவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. "கொட்டிட்டீங்களா?"

"இல்ல சார். தனியாப் பூட்டி வெச்சிருக்கேன்."

"ம்." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "இனிமே நீங்க எதையும் தொடக் கூடாது. உங்க கை பட்டதையெல்லாம் நாளைக்கு யாராவது கேள்வி கேப்பாங்க. சாவிய மேஜைல வெச்சிட்டு வெளிய போய் உக்காருங்க."

சாவியை வைத்தாள். அந்த அறையின் சாவி. வெளியே அவிழ்ந்துகிடந்த பயத்திலிருந்து தப்பித்து வருவதற்கு அவளுக்கு இருந்த ஒரே கதவு அது. அதை மேஜையில் வைத்தபோது சின்னச் சத்தம்கூட வரவில்லை.

நடைவழியில் ஒரு மர பெஞ்சு. எதிரே ஜன்னல். கீழே தெருவில் சைரன் போடாமல் இரண்டு வெள்ளை வேன்கள் போயின. சத்தம் போடாமல் போனதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது. நாத்தனாரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். யாரும் எடுக்கவில்லை. ஒருவேளை போனையும் பிடுங்கிப் பைக்குள் போட்டிருப்பார்கள். விதிமுறை அதுதான். அவளுக்கே தெரியும். தெரிந்தும் எடுக்காத போன் ஒவ்வொரு மணிக்கும் அவளை ஒரு முறை கொன்றது.

வெகுநேரம் கழித்து நெட்டையன் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு உட்கார்ந்தாலும் முழங்கால் மார்புவரை வரும்.

"அக்கா, கடையிலேர்ந்து ரத்தம் வந்துச்சு. நாலு பேரோடது. பேரு இல்ல, நம்பர்தான்."

"ம்."

"ஒண்ணுல மட்டும் அந்த விஷம் அழிக்கற பொருள் பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு. மத்த மூணும் பரவால்ல."

அவள் எழுந்து நின்றாள். பிறகு எதற்காக எழுந்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்தாள். பாதிக்கு மேல். ஆளைக் கொல்லுகிற அளவு அல்ல அது. இன்னும் கொஞ்சம் பட்டிருந்தால் செத்திருப்பாள் என்பதற்குச் சற்றே இந்தப் பக்கம். அந்தக் கோட்டை எடுத்து உள்ளே மாட்டப் போயிருந்தால், கவர் கிழிந்திருந்தால், இவள் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு ஒழுங்காக வேலையைப் பார்த்திருந்தால்.

"இதையெல்லாம் நான் உங்ககிட்டச் சொல்லக் கூடாது," என்றான் நெட்டையன். "சொல்லல."

*

ஆஸ்பத்திரியில் நாத்தனாரைக் கடைசி அறையில், தனியாக வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு காவலர். உள்ளே ஒரு பெண் போலீஸ் அதிகாரி கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அவள் உள்ளே நுழைந்தபோது அதிகாரியின் முகத்தில் களைப்பு தெரிந்தது.

"வயசாவது சொல்லும்மா. முப்பதா, அம்பதா?"

"கோட்டுக்கா?"

"ஆளுக்கு!"

"மேடம், நான் ஆள எங்க பாத்தேன்? துணியத்தான் பாப்பேன். உள் துணி கிழிஞ்சு தைச்சிருந்தது. ரெண்டாவது பட்டன் மட்டும் வேற நூல். அதைக் கேளுங்க, சொல்றேன்."

அதிகாரி எழுந்துகொண்டார். வாசலருகே இவளை நிறுத்தி, காலையில் மறுபடி வருவதாகவும், வீட்டுக்கும் ஒரு ஆளைப் போட்டிருப்பதாகவும் சொன்னார். அந்த ஆள் எதற்கு என்று இவள் கேட்கவில்லை.

நாத்தனாரின் தலைமுடி ஈரமாகப் பரந்து கிடந்தது. எத்தனை தடவை கழுவினார்களோ, தோல் வெளுத்துப்போயிருந்தது. கையில் ஊசி, மூக்கில் குழாய்.

"சட்டையெல்லாம் கத்தரிச்சுட்டாங்க அண்ணி. நடுத்தெருவுல கூடாரம் போட்டுக் குளிப்பாட்டினாங்க. அந்த முதலாளியையும் பக்கத்துக் கூடாரத்துல குளிப்பாட்டினாங்க. அவரு கத்தின கத்தல் இருக்கே!" சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒட்டிக்கொண்டது. "வாய் காஞ்சு போகுது. ஏதோ ஊசி போட்டிருக்காங்க. என் வாய அடைக்க உங்காளுங்க மருந்தே கண்டுபிடிச்சிட்டாங்க."

அவள் பஞ்சை நனைத்து அந்த உதட்டைத் துடைத்தாள். அப்படியே குனிந்து கண்ணைப் பார்த்தாள். கண்மணி பேனாவால் வைத்த புள்ளி போல இருந்தது. அதன்வழியாக இத்தனை நாளும் அவள் வெளுத்திருக்கிறாள், இஸ்திரி போட்டிருக்கிறாள், சாலையைக் கடந்திருக்கிறாள், காய் நறுக்கியிருக்கிறாள்.

"என்ன இப்படிப் பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"நான் நேத்திக்கு முந்தியே மூத்திரம் குடுத்துட்டேனாம். ஆட்கள் விழறதுக்கு முந்தியே. அந்த மேடம் அதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க." நாத்தனார் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "நான்தான் பண்ணிருப்பேன்னு நீங்களும் நினைச்சீங்களா அண்ணி?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அன்றைக்கு ஏற்கெனவே ஒரு பொய்யின் விலையை அவள் பார்த்திருந்தாள்.

"ஒரு நிமிஷம் நினைச்சேன்."

"ஒரு நிமிஷம்தானா?" நாத்தனார் யோசித்தாள். "நானா இருந்தா ஒரு மணி நேரமாவது நினைச்சிருப்பேன். மாடியில போன் பேசினதுக்கெல்லாம் சேத்து."

"யாருகூடத்தான் பேசினே?"

"அத இப்போ கேக்கறீங்க பாருங்க!" என்றாள். பிறகு மெல்ல, "நல்லவன்தான். அண்ணன்கிட்ட நீங்கதான் சொல்லணும்," என்றாள்.

வாசலில் காவலரின் பூட்ஸ் ஒரு தடவை கிறீச்சிட்டது. நாத்தனார் இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது.

"அண்ணி, எனக்குத்தான் அவன் முகம் ஞாபகமில்ல. அவனுக்கு என் முகம் ஞாபகம் இருக்கும்ல?"

இருக்காது என்று சொல்ல வாயெடுத்தாள். கூடத்தின் விதிமுறைகளில் இதற்கு ஒரு பதிலும் இல்லை. இதற்கு எந்தக் கையுறையும் கிடையாது. பையில் மாத்திரை இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. இந்தப் பயத்தைக் குறைத்துக்கொள்ளக் கூடாது, இது இப்போது உதவும் என்று பட்டது. அது அவளுக்கே புதிதாக இருந்தது.

"நான் இங்கதான் இருக்கப்போறேன்," என்றாள்.

"வேலை?"

"சாவிய வாங்கிட்டாங்க."

"அடப்பாவமே. என் மூத்திரத்துக்கும் வேலை போச்சா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணில் நீரும் வந்துவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"லைட்டைப் போடுங்க அண்ணி," என்றாள் நாத்தனார். "ஒரே இருட்டா இருக்கு."

அறையின் விளக்குகள் எல்லாமே எரிந்துகொண்டிருந்தன. கூரையில் இரண்டு, தலைமாட்டில் ஒன்று. அவள் எழுந்துபோய்ச் சுவரிலிருந்த விசையை மேலே தட்டி, உடனே கீழே தட்டினாள். டிக் டிக்கென்று நன்றாகக் கேட்கும்படி தட்டினாள்.

"இப்போ?"

"இப்போ பரவால்ல."

விளக்கு அணைந்த அந்த ஒரு கணத்தில், கதவின் கண்ணாடிக்கு அப்பால் ஒரு தோள் தெரிந்தது. காவலரின் தோள்தான். காவலரின் தோளாகத்தான் இருக்க வேண்டும். அவள் நாற்காலியைக் கட்டிலின் பக்கம் இழுத்து, கதவைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.